உஷார்! ‘நான் இருக்கேன்ல’ என்கிறாரா மேனேஜர்?

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்திலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளே, மாதாமாதம் அவர்கள் அனுப்பும் பணத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரே, இது உங்களுக்குத்தான்.

கம்பெனி கைமாறப்போகிறது என்று ஒருநாள் கேன்டீனில் பேச்சு வரும். வேறு கம்பெனியோடு சேர்க்கப்போகிறார்களாம், ஒரு பிரிவை மட்டும் தனியாக விற்கப்போகிறார்களாம், நிரந்தர வேலையை எல்லாம் கான்ட்ராக்டில் விடப்போகிறார்களாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நீங்கள் பதறிப்போய் மேனேஜரிடம் கேட்பீர்கள். அவர் தோளில் தட்டி, “நான் இருக்கேன்ல, உனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, போய் வேலையைப் பாரு” என்பார். நிம்மதியாகத் திரும்பி வருவீர்கள். உஷாராக வேண்டியது அந்த நிம்மதியில்தான்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான மேனேஜர்கள் அதை மனமார நம்பித்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்கேதான். சிடுசிடுவென்று எரிந்துவிழும் மேனேஜர் சொன்னால் யாரும் முழுசாக நம்புவதில்லை. நாலு பேரிடம் விசாரிப்போம், சங்கத்தில் கேட்போம். தங்கை கல்யாணத்துக்குக் கேட்காமலே லீவு கொடுத்தவர், தீபாவளிக்குக் கைக்காசு போட்டு ஸ்வீட் வாங்கித் தந்தவர் சொன்னால், “இதை எழுத்தில் தாங்க சார்” என்று கேட்க நாக்கு வராது. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று கூசுவோம். நிறுவனம் மாறும் காலத்தில் அதிகம் இழப்பது இப்படிக் கூசியவர்கள்தான். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்கள் வேலை குறித்து முடிவெடுக்கும் மேஜை அவருடைய மேஜை இல்லை என்பதுதான் விஷயம்.

நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை பார்த்த ஆலை. அதில் பெரும்பங்கு, பள்ளிப்படிப்போ டிப்ளமாவோ முடித்த கையோடு மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த இளம்பெண்கள். நோக்கியா பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் கிடைத்த மரியாதையே தனி. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்க 32 ஆயிரம் பேர் அப்படியே புதிய கம்பெனிக்குப் போவார்கள் என்றார்கள். பில் கேட்ஸ் கம்பெனிக்கே போகிறோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் மனம் குளிராது?

ஆனால் வரித்துறைக்கும் நோக்கியாவுக்கும் ஏற்கனவே பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆலைச் சொத்து அதில் முடக்கப்பட்டிருந்தது. 2014 ஏப்ரல் 25-ல் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் வெளியே விட்டுவிட்டுத்தான் முடித்தார்கள். மைக்ரோசாஃப்டுக்குப் போகவேண்டிய ஆலை, மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து தரும் ஆலை ஆயிற்று. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஐந்தாயிரம் பேர் அளவுக்கு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். இருபத்து மூன்று வயதில் ‘ஓய்வு’! எந்த ஊர் நியாயம் இது? மிச்சமிருந்தவர்களுக்கும் வேலை அதிக நாள் நீடிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

அந்த ஆலையில் இருந்த லைன் சூப்பர்வைசர்களும் மேனேஜர்களும் கொடுமைக்காரர்களா? இல்லை. தங்கள் கீழே இருந்த பிள்ளைகளைப் போலவே அவர்களும் செய்தி சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். அந்த ஆலையின் விதி டெல்லியில் நீதிமன்றத்திலும், பின்லாந்திலும், அமெரிக்காவிலும் எழுதப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு “நான் இருக்கேன்ல” என்று யார் சொல்லியிருந்தாலும் அதற்கு என்ன மதிப்பு?

சரி, மைக்ரோசாஃப்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்களாவது தப்பித்தார்களா? 2014 ஜூலை 17 அன்று 18 ஆயிரம் பேரை அனுப்பப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து போனவர்கள். அதை அவர்களுக்குச் சொன்ன கடிதம் இன்றுவரை மேலாண்மை வட்டாரத்தில் கேலிப்பொருள். எழுதியவர் ஸ்டீபன் இலாப், முன்னாள் நோக்கியா தலைவர். அந்தத் தொழிலாளர்களுக்குப் பழகிய முகம். நண்பனுக்கு எழுதுவதுபோல ஒரு ‘ஹலோ’வில் தொடங்கி, எந்த போனை யாருக்கு விற்கப்போகிறோம், என்ன வியூகம் என்று பத்தி பத்தியாக அளந்துவிட்டு, வெகுதூரம் போனபிறகுதான் 12,500 பேர் வேலை போவதை ஒரு வரியில் சொருகியிருந்தார். சாவுச் சேதிக் கடிதத்துக்கு ஓரத்தில் கறுப்பு தடவி அனுப்புவது நம் வழக்கம். பிரிக்கும் முன்பே கை நடுங்கத் தயாராகிவிடும். அந்த அளவு நாகரிகம்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. நிர்வாகத்திலிருந்து வழக்கத்துக்கு மாறாகக் கனிவாக ஒரு மெயில் வந்தால் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17 மாலை ரிசர்வ் வங்கி அதை முடக்கியது. கணக்கு வைத்திருந்தவர்கள் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். கவுன்டரின் அந்தப் பக்கம் வாடிக்கையாளர் கத்த, இந்தப் பக்கம் ஊழியர் தன் வேலை இருக்குமா என்று தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பர் 27-ல் வங்கி டி.பி.எஸ். இந்தியாவோடு இணைக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா தேறவில்லை. ஆனால் ஊழியர் வேலை அதே சம்பளம், அதே நிபந்தனைகளோடு தொடரும் என்று இணைப்புத் திட்டத்திலேயே, அரசு ஒப்புதலோடு, எழுதப்பட்டிருந்தது. கிளை மேனேஜர் வாயால் சொன்னதல்ல, அரசிதழில் அச்சானது. அதே திட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: மேல்மட்ட நிர்வாகப் பொறுப்பாளர்களை உரிய நடைமுறைப்படி எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கப் புதிய வங்கிக்கு உரிமை இருந்தது. கீழே இருந்த கிளார்க்குக்கு எழுத்தில் காப்பு இருந்தது, உச்சியில் இருந்தவருக்கு இல்லை. அந்த உச்சியிலிருந்து ஒருவர் யாருக்காவது “நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செட்டிநாட்டை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு பாங்க் ஆஃப் மதுரா நினைவிருக்கும். 1943-ல் கருமுத்து தியாகராசச் செட்டியார் தொடங்கியது. முதலாளி வீட்டு விசேஷத்துக்கு ஊழியர் போவதும், ஊழியர் வீட்டுக் கஷ்டம் முதலாளி காதுக்கு எட்டுவதுமான பழைய உறவுமுறை அந்தக் காலத்து நிறுவனங்களுக்கு உண்டு. 2001 மார்ச்சில் அது ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. ஒரு பக்கம் கம்ப்யூட்டரோடு பிறந்த இளவட்ட வங்கி. மறுபக்கம் லெட்ஜரில் வளர்ந்த, அறுபது வயதை நெருங்கிய வங்கி. மனிதர்களை எப்படி இணைப்பது என்பதுதான் அங்கே பெரிய தலைவலியாக இருந்தது. எம்.பி.ஏ. வகுப்புகளில் அதை இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். 2003-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. ஒரு முன்கூட்டிய ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தது. 40 வயதும் 7 வருஷ சர்வீஸும் முடித்தவர்களுக்கு. ஏறத்தாழ 1,500 பேர் எடுத்துக்கொண்டார்கள். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று: இணைக்கப்பட்ட பழைய நிறுவனங்களில் பார்த்த வருஷங்களும் அந்த 7 வருஷத்தில் சேர்த்தி. பழைய சர்வீஸ் அறுந்துபோகாமல் தொடர்ந்ததால் வந்த பலன் அது. சிலருக்கு அதுதான் திட்டத்துக்குள் நுழையும் வாசலாக இருந்திருக்கும்.

அந்த ‘சர்வீஸ் தொடர்ச்சி’தான் இன்று உங்கள் கையிலிருந்து சத்தமில்லாமல் உருவப்படும் பொருள். எப்படி நடக்கும் தெரியுமா?

எச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். பத்துப் பேரைச் சேர்த்துக் கூப்பிட மாட்டார்கள். இரண்டு தாள் இருக்கும். ஒன்று பழைய கம்பெனியிலிருந்து ராஜினாமா, இன்னொன்று புதிய கம்பெனியில் சேரும் ஆர்டர். “சும்மா ஃபார்மாலிட்டி, எல்லாரும் போட்டுட்டாங்க” என்பார்கள். வெளியே உங்கள் மேனேஜர் நின்றுகொண்டு, “போட்ருப்பா, நானும் போட்டுட்டேன்” என்பார். போடாதீர்கள்! குறைந்தது அன்றைக்குப் போடாதீர்கள். சுய விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று நீங்கள் எழுதிக்கொடுத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது. ஐந்து வருஷத் தொடர் சர்வீஸுக்குக் கிடைக்கும் பணிக்கொடைக்கு, நாலரை வருஷத்தில் ராஜினாமா போட்டவர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கவேண்டும்.

நிறுவனம் கைமாறும்போது ஊழியருக்கு இழப்பீடு கொடுக்காமல் தப்பிக்கவேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் உண்டு. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வேலையில் இடைவெளி விழக்கூடாது. புதிய இடத்து நிபந்தனைகள் பழையதைவிட மோசமாக இருக்கக்கூடாது. பின்னால் ஆட்குறைப்பு வந்தால், பழைய வருஷங்களையும் சேர்த்து எண்ணி இழப்பீடு தரப் புதிய முதலாளி கட்டுப்பட்டிருக்கவேண்டும். இந்த மூன்றும் உங்கள் கையில் கொடுக்கும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், “இந்த வரியைச் சேர்த்துக் கொடுங்க சார், கையெழுத்துப் போடுறேன்” என்று பணிவாகக் கேளுங்கள். நியாயமான கம்பெனி சேர்த்துக் கொடுக்கும். கொடுக்க மறுத்தால் ஏன் மறுக்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

இன்னொரு கண்ணி இதைவிட இனிப்பானது. கைமாறல் பேச்சு அடிபடும் நேரத்தில் திடீரென்று உங்களை ‘டீம் லீடர்’, ‘சூப்பர்வைசர்’ ஆக்குவார்கள். ஆயிரமோ இரண்டாயிரமோ சம்பளம் கூடும். வீட்டுக்கு போன் போட்டுச் சொல்வீர்கள், அம்மா கோயிலுக்குப் போவார். ஆனால் சட்டத்தில் ‘தொழிலாளி’க்குத்தான் மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம். மேற்பார்வை வேலையில் மாதம் 18 ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறவர் புதிய சட்டப்படி தொழிலாளி இல்லை. பழைய சட்டத்தில் இந்த வரம்பு 10 ஆயிரம். பட்டம் எதுவானாலும் உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் வரை நடக்கவேண்டுமே! பதவி உயர்வு வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அன்றாடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கு ஷிப்ட் சார்ட், புரொடக்‌ஷன் ஷீட் நகல் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு இது வருஷா வருஷம் வரும் கண்டம். அதே கேட், அதே வேலை, அதே சூப்பர்வைசர்; சம்பளச் சீட்டில் மட்டும் கம்பெனி பெயர் மாறியிருக்கும். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தது இப்படிக் கம்பெனி மாறுவதை எதிர்த்துத்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போனது. புதிய நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். மாதம் 23 ஆயிரம் அளவில் வாங்கிய சம்பளம் 17 ஆயிரத்துக்கும் கீழே இறங்கும், நிரந்தரம் கேட்டுப் போட்டிருக்கும் வழக்கும் கெட்டுப்போகும் என்று அவர்கள் மறுத்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்தப் பணியாளர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்வார்கள். ஒரு கையெழுத்தில் என்ன போகும் என்று ஐ.டி. கம்பெனிக்காரர்கள் பலரைவிட அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

உறவை வைத்துக் காரியம் சாதித்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1-ல் ஒன்றாகித் தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. வேலை யாருக்கும் போகவில்லை. ஆனால் பாண்டியனின் தலைமையகம் விருதுநகர்; புதியதன் தலைமையகம் சேலம். விருதுநகரில் எந்த அறைக்குப் போனால் டிரான்ஸ்பர் கிடைக்கும், யாரிடம் சொன்னால் லீவு நடக்கும் என்று இருபது வருஷமாகத் தெரிந்துவைத்திருந்தவருக்குச் சேலத்தில் யாரைத் தெரியும்? இணைப்பில் முதலில் செல்லாக்காசாவது இந்தப் பழக்கவழக்கம்தான். “அவர்கிட்ட சொல்லிருக்கேன், பாத்துக்குவாரு” என்று எங்கேயாவது நிலுவையில் வைத்திருக்கும் விஷயம் – இன்கிரிமென்ட், போனஸ் பாக்கி, டிரான்ஸ்பர், எதுவானாலும் – கைமாறும் தேதிக்கு முன்னால் எழுத்துக்கு வந்துவிடவேண்டும். “சார், நேத்து நீங்க சொன்னபடி...” என்று தொடங்கி இரண்டே வரி மெயிலோ வாட்ஸ்அப்போ அவருக்கு அனுப்பினால் போதும். நல்ல மனிதராக இருந்தால் “ஆமாம்” என்று பதில் போடுவார். இதில் அவரை அவமதிப்பது எதுவுமில்லை. நாளை அவருக்கே மேலே விளக்கம் சொல்லவேண்டி வந்தால் அந்த மெசேஜ் அவரையும் காப்பாற்றும்.

மேனேஜர் நாற்காலியில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களும் உஷாராக இருக்கவேண்டும். மேலிடம் உங்களைத்தான் முன்னால் நிறுத்தும். ஊர்ப்பாசத்தில் பிள்ளைகள் உங்களை நம்புவார்கள் என்று அதற்குத் தெரியும். ஆளை அனுப்பும் பட்டியலில் முதலில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். இரண்டாம் பட்டியலில் உங்கள் பெயரே இருக்கும். தெரியாததை உறுதியாகச் சொல்லாதீர்கள். “எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்ச அன்னிக்கே சொல்றேன். அதுவரைக்கும் எதிலயும் கையெழுத்துப் போடாதே” – இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல முடிந்தால் உங்களை யாரும் சபிக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் பேசாத இடத்தில் வதந்தி பேசும். முதலில் கெட்டிக்காரப் பையன்கள் வேறு வேலை தேடிக்கொண்டு கிளம்புவார்கள், அப்புறம் மெஷின் நிற்கும்.

பி.எஃப். விஷயத்தில் எங்கள் பக்கம் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்லாமல் விடமுடியாது. கம்பெனி மாறிய கையோடு பழைய கணக்கில் இருப்பதை எடுத்து வீட்டுக்கு டைல்ஸ் போட்டுவிடுவார்கள். பழைய எண்ணிலிருந்து புதியதுக்கு மாற்றிக்கொண்டால் வருஷங்கள் கூடிக்கொண்டே போகும். பத்து வருஷம் சேர்ந்தால்தான் பி.எஃப். பென்ஷன் மாதாமாதம் வரும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அறுந்தது, அவ்வளவுதான். கைமாறல் பேச்சு காதில் விழுந்த அன்றே உங்கள் யூ.ஏ.என். பாஸ்புக்கைத் திறந்து, சம்பளத்தில் பிடித்த பணம் மாதம் தவறாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடன்பட்டு விற்கப்படும் கம்பெனிகள் முதலில் நிறுத்துவது இதைத்தான். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டர், கடைசி ஒரு வருஷச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள். கம்பெனி மெயிலில் மட்டும் வைத்திருந்தால் பிரயோஜனம் இல்லை. வேலை போகும் அன்று முதலில் பூட்டப்படுவது அந்த மெயில்தான்.

சம்பளம், வேலை நேரம், ஷிப்ட், லீவு போன்றவற்றைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றவேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும் என்பது பொது விதி. நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டினாலும், தேதி தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலையை விட்டு அனுப்பினாலும், நீங்களே விலகினாலும், கம்பெனியே மூடினாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரவேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு. “அடுத்த மாசம் செட்டில்மென்ட்” என்று எச்.ஆரில் சொன்னால் இந்த வரியை எடுத்துச் சொல்லலாம்.

கடைசியாக, மிக முக்கியமாக ஒன்று. வேலை போய்விட்டது என்றதும் ரூமைக் காலி செய்து, பெட்டியைக் கட்டி, திருச்சி வழியாகப் புதுக்கோட்டை பஸ் பிடித்து அரிமளம் வந்து இறங்கிவிடாதீர்கள். புகார் பொதுவாக வேலை பார்த்த மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில்தான் எடுபடும். புதுக்கோட்டையில் வந்து விசாரித்தால் மறுபடி அங்கேதான் போகச் சொல்வார்கள். அதற்குள் கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போயிருப்பார்கள், சாட்சிக்கு ஆள் கிடைக்காது. வேலை நீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக முன்பு மூன்று வருஷ அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தில் அது இரண்டாகக் குறைந்துவிட்டது. ஒரு வாரம் கூடுதலாக ரூம் வாடகை போனாலும் பரவாயில்லை. பத்துப் பேராகச் சேர்ந்து அங்கேயே மனு எழுதி, கொடுத்ததற்கு நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் பஸ் ஏறுங்கள்.